நூற்று நாற்பத்து மூன்று அழைப்புகள்

குருவுக்கு வயது முப்பத்தொன்பது. சீடனுக்கு ஐம்பத்திரண்டு. இப்படியும் ஒரு குருகுலம் கோயம்புத்தூரில், பீளமேட்டில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் நடந்துகொண்டிருந்தது.

குருவின் பெயர் பிலோமினா. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவர் என்பதால் எல்லோருக்கும் டீச்சர். சீடன் சென்னியப்பன், மில்லில் மின்னணுப் பிரிவில் இருபத்தைந்து வருடம் இருந்துவிட்டு, கணினிக்குள் என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வந்து சேர்ந்தவர்.

டீச்சர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். ஒரு நூற்பாலையின் ஆய்வகத்தில் நூலைச் சோதிக்கும் இயந்திரங்கள் பன்னிரண்டு இருந்தன. நூல் உள்ளே விரைந்து ஓடும். எத்தனை இடத்தில் மெலிந்திருக்கிறது என்று இயந்திரம் எண்ணிச் சொல்லும். அதை இயக்கும் டிரைவர் என்ற நிரல் ஒரு பழைய கெர்னலுக்காக எழுதப்பட்டது. கெர்னல் என்பது கணினியின் உள்ளே உட்கார்ந்து நினைவகத்தையும் நேரத்தையும் பங்கிட்டுக் கொடுக்கும் மையம். புதிய கணினிகளில் கெர்னல் வேறு. டிரைவர் பழைய பழக்கத்தில் எதையாவது கேட்கும்; அப்படிக் கேட்பதற்கு அழைப்பு என்று பெயர். புதிய கெர்னலுக்கு ஒன்றும் விளங்காது.

ஆகவே நடுவில் ஓர் அடாப்டர் வேண்டும். டிரைவரின் அழைப்பை வாங்கி, புதிய கெர்னலுக்குப் புரிகிற விதத்தில் கேட்டு, வந்த பதிலை டிரைவர் எதிர்பார்க்கும் வடிவில் திருப்பித் தரவேண்டும். மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று அழைப்புகள். சென்னியப்பன் ஏழு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதி முடித்தார்.

செவ்வாய்க்கிழமை முதல் ஓட்டம். ஆய்வகப் பொறுப்பாளர் ரங்கநாயகி, டிரைவரை எழுதிய வில்வநாதனையும் வரச்சொல்லியிருந்தார். சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர், விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தார். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் திரையில் வழக்கம்போல ‘டிரைவர்: வில்வநாதன்’ என்று வந்தது.

“அட, நான் எழுதினது அப்படியே ஓடுதுங்களே!” என்றார் வில்வநாதன். “ஒரு வரிகூட மாத்தலைங்களா?”

“ஒரு வரியும் மாத்தலைங்க,” என்றார் டீச்சர்.

“வில்வம் தம்பி கை வெச்சா அப்படித்தானுங்க,” என்றார் ரங்கநாயகி.

டீ வந்தது. முதல் டம்ளர் வில்வநாதனுக்குப் போனது. பிறகு ரங்கநாயகி சென்னியப்பனைப் பார்த்து அன்பாகக் கேட்டார்: “கம்ப்யூட்டரத் தூக்கிட்டு வந்தது நீங்கதானுங்களா? பாத்துங்க, இடுப்புப் புடிச்சுக்கும்.”

திரும்பி வரும் வழியில் சென்னியப்பன் சொன்னார்: “டீச்சர், எனக்கு வயிறு எரியுதுங்க.”

“யாரைப் பாத்து?”

“வில்வநாதனைப் பாத்துத்தான். ஏழு மாசம் முதுகு ஒடிஞ்சது எனக்கு. கை தட்டுனது அவருக்கு.”

“நடுவுல நீங்க இருக்கறது டிரைவருக்குத் தெரிஞ்சுதா?”

“இல்லைங்க. பழைய கெர்னல்கிட்டத்தான் பேசறோம்னு நெனச்சுட்டு ஓடுது.”

“அப்ப நல்லா எழுதியிருக்கீங்க, சென்னியண்ணா.”

இதைவிடப் பெரிய பாராட்டை டீச்சர் யாருக்கும் கொடுத்ததில்லை. ஆனால் எரிகிற வயிற்றோடு இருப்பவருக்கு அது காதில் ஏறுமா? அவருக்கு வேண்டியிருந்தது, நாலு பேர் முன்னால் தன் பெயர் ஒரு தடவை தெரியவேண்டும் என்பது. அவ்வளவுதான்.

மறுநாள் அடாப்டரைத் திறந்தார். இயந்திரம் ஒவ்வொரு சாண் நூலையும் அளந்தவுடன் ‘எடுத்துக்கொள்’ என்று ஓர் அழைப்பு வரும். அந்த இடத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தார். அழைப்பு வரும்போதெல்லாம் பக்கத்துத் திரையில் ‘இந்த அழைப்பை மாற்றித் தந்தவர்: சென்னியப்பன்’ என்று விழும். டீச்சரிடம் சொல்லவில்லை. ஒரு வரிதானே என்று ஓட்டிப் பார்க்கவும் இல்லை.

வியாழக்கிழமை கடைசிச் சோதனை. ஒரே நூலைப் பழைய கணினியிலும் புதிய கணினியிலும் ஓட்டுவார்கள். எண்ணிக்கை ஒத்துப்போனால் இயந்திரங்கள் பிழைக்கும். இல்லாவிட்டால் சனிக்கிழமை பன்னிரண்டும் பழைய இரும்புக்குப் போகும். ஏழு மாத வேலையும் கூடவே போகும்.

பழைய கணினி நாற்பத்தொரு மெலிந்த இடம் என்று சொன்னது.

புதியதில் ஓட்டினார்கள். பக்கத்துத் திரையில் சென்னியப்பன், சென்னியப்பன் என்று அருவி மாதிரி கொட்டியது. “யாருங்க இந்தச் சென்னியப்பன்?” என்று கேட்டார் வில்வநாதன். சென்னியப்பன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

நூல் நின்றது. இருபத்தொன்பது.

ரங்கநாயகியின் முகம் மாறிவிட்டது. “பன்னெண்டு இடத்தைக் காணமுங்களே! இதை நம்பி நூலை அனுப்புனா நெசவுல அறுந்துபோகுமே.”

டீச்சர் பக்கத்துத் திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “ஒரு மணி நேரம் கொடுங்க,” என்று கேட்டுக்கொண்டார். சென்னியப்பனைத் திட்டவில்லை. சுவரோரம் இருந்த கறுப்புப் பலகையைக் காட்டினார். அதில் வெள்ளை நூலை நெருக்கமாகச் சுற்றி, தரத்தைக் கண்ணால் பார்ப்பது ஆய்வக வழக்கம்.

“சென்னியண்ணா, சாக்பீஸ்ல அதுமேல உங்க பேரை எழுதுங்க. பெருசா.”

எழுதினார்.

“இப்ப நூலைச் சுத்துங்க.”

பலகையைச் சுழலவைக்கும் கைப்பிடியைச் சுற்றினார். பலகை முழுக்க நூல் வரிவரியாகப் படிந்தது.

“மெலிஞ்ச இடத்தையெல்லாம் தொட்டுக் காட்டுங்க.”

சென்னியப்பனின் விரல் மேலிருந்து இறங்கியது. இங்கே ஒன்று, இங்கே ஒன்று. நடுவில் வந்ததும் விரல் நின்றுவிட்டது. வெள்ளைச் சாக்பீஸின் மேல் வெள்ளை நூல். ஒன்றும் தெரியவில்லை.

“ஒரு தடவை உங்க பேரை எழுத கெர்னலுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். “அதுக்குள்ள ஒரு விரல் நீளம் நூல் அளக்காமலே போயிருமுங்க, டீச்சர்.”

அவமானத்தில் அவருக்குக் கண் கலங்கியது. உட்கார்ந்து அந்த வரியை எடுத்தார். மறுபடி ஓட்டினார்கள். பக்கத்துத் திரை வெறுமனே கிடந்தது.

நாற்பத்தொன்று.

“ஓடிருச்சுங்க!” என்று ரங்கநாயகி எழுந்தேவிட்டார். நேராக வில்வநாதனிடம் போய், “தம்பி, நீங்க எழுதினது எங்களை இன்னும் பத்து வருஷத்துக்குக் காப்பாத்தும்,” என்றார். வில்வநாதன் கூச்சத்தோடு சிரித்தார்.

சென்னியப்பனுக்கு வயிறு மறுபடியும் எரிந்தது. செவ்வாய்க்கிழமை எரிந்த அதே இடத்தில்தான். அவர் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு பலகையிடம் போனார். நூலைப் பிரித்துவிட்டு, தன் பெயரைத் தானே துடைத்தார். துடைத்தபடியே கேட்டார்:

“பலகையைச் செஞ்சவருக்குன்னு ஒரு பேரே கிடையாதுங்களா, டீச்சர்?”

“திருப்பிப் பாருங்க.”

திருப்பினார். பின்பக்கத்து மூலையில், உளியால் சின்னதாகச் செதுக்கியிருந்தது: ‘மாரண ஆசாரி, 1971.’

ரங்கநாயகி கிட்டே வந்து குனிந்து பார்த்தார். “அடக் கடவுளே! முப்பது வருஷமா தினமும் இதுலதான் நூல் பாக்கறேன். இப்படி ஒரு பேரு இருக்கறதே எனக்குத் தெரியாதுங்களே!”

சென்னியப்பன் டீச்சரை நிமிர்ந்து பார்த்தார். “பாத்தீங்களா? முப்பது வருஷத்துல ஒருத்தர்கூடத் திருப்பிப் பாக்கலை.”

“ஆமாங்கண்ணா,” என்றார் டீச்சர். “திருப்பிப் பாத்து, செஞ்சவரைத் திட்டவேண்டிய வேலையே வரலை.”