சன்னல் செடி ஏன் தாகத்தில் பூக்கிறது

செடிகளும் பறவைகளும் மனிதர்களோடு ஒரே பேச்சைப் பேசிய அந்தக் காலத்தில், கல்மலை அடிவாரத்தில் ஒரு சுனை இருந்தது. அங்கே நடந்த அநீதிகளை முதலில் வரிசையாகச் சொல்லிவிட வேண்டும். வரிசை மாறினால் செய்தவன் தப்பித்துக்கொள்வான். பட்டவன்மேல் பழி விழும்.

முதலாவது: சுனை எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. கரையில் நின்ற மருதமரம் ஒரு கோடையில் தன் வேரைச் சுனையைச் சுற்றி வளைத்துப் போட்டது. "கண்டவர்களும் வந்து கலக்குகிறார்கள். இனி நான் காவல்" என்றது. அதைக் காவலுக்கு யாரும் கூப்பிடவில்லை.

இரண்டாவது: தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் பட்டியலில் பெயர் கொடுக்க வேண்டும் என்றது. வாசிக்க ஆட்காட்டிக் குருவியை வைத்தது. பெயர் வாசித்ததும் "இருக்கிறேன்" என்று சொன்னவருக்குத்தான் தண்ணீர். இதில் என்ன தப்பு என்று எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டியதும் ஒரு தப்புதான், அதை மறைக்கப்போவதில்லை.

மூன்றாவது: உயரமானவர்கள் முதலில், குட்டையானவர்கள் கடைசியில் என்றது. புளியும் வேம்பும் இலுப்பையும் குடித்து முடித்தபோது சுனையில் சேறுதான் மிஞ்சியது.

நான்காவது: குட்டையானவர்களின் பெயர்களை அடித்துவிட்டு, பட்டியலின் அடியில் ஒரே சொல்லைப் போட்டது: மற்றவை. அருகு என்ற அருகம்புல் மற்றவை. நெருஞ்சி மற்றவை. தும்பையும், பாறை இடுக்கில் கிடந்த சின்னச் செடிகளும், சுனைப் பாதையில் குடிசை போட்டுக் கல்லுடைத்துப் பிழைத்த மாடத்தி என்ற மனுஷியும் மற்றவை. அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு தொன்னைத் தண்ணீர்.

ஐந்தாவது அநீதிதான் இந்தக் கதையின் தொடக்கம்.

பாறையடியில் சிமிழி என்று ஒரு சின்னச் செடி இருந்தாள். அப்போது அவள் இலையும் மற்றச் செடிகளின் இலை மாதிரி மெல்லியதுதான். அவளுக்கு ஒரு தங்கை. செடிகளுக்கு அந்நாளில் வேரை அள்ளிச் செருகிக்கொண்டு நாலு எட்டு நடக்கத் தெரியும். அப்படி நடந்து சுனைக்குப் போன ஒரு சித்திரை நடுப்பகலில், தொன்னைக்கு நடந்த தள்ளுமுள்ளில் தண்ணீர் முழுவதும் மண்ணில் கொட்டியது. கொட்டிய இடத்திலேயே தங்கை வாயைத் திறந்தபடி செத்துப்போனாள்.

சிமிழி ஆட்காட்டியிடம் போனாள். "அண்ணாச்சி, என் தங்கச்சி போயிட்டா. அவ பேரைப் பட்டியல்ல அடிச்சிருங்க."

ஆட்காட்டி பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தது. "அப்படி ஒரு பேரே இல்லியே தாயி. இல்லாதது எப்படிச் சாகும்?"

சிமிழி அழவில்லை. திரும்பி வந்து பாறையடியில் உட்கார்ந்து மூன்று நாள் யோசித்தாள்.

சுனைக்கு ஒரு சட்டம் இருந்தது. மருதமே சுனைமேல் சத்தியம் அடித்துப் போட்டது. வாசித்த ஒவ்வொரு பெயருக்கும் பதில் வந்தால்தான் அன்றைய வரிசை முடியும். ஒரு வரிசை முடியாமல் அடுத்த நாள் வரிசை தொடங்கக் கூடாது. குடித்துவிட்டு யாரும் "எனக்குக் கிடைக்கவில்லை" என்று மறுநாள் சண்டைக்கு வரக் கூடாது என்பதற்காகப் போட்ட சட்டம் அது. பெரியவர்கள் தங்கள் வசதிக்குப் போடுகிற சட்டத்தில் எங்காவது ஒரு ஓட்டை இருக்கும். அதைத் தேடிப் பிடிப்பதுதான் சின்னவர்களின் படிப்பு.

சிமிழி எல்லாரையும் பாறையடிக்குக் கூப்பிட்டாள்.

"இன்னைக்கு எட்டாம் நாள் 'மற்றவை'ன்னு வாசிச்சா யாரும் வாயத் திறக்கக் கூடாது. நம்ம வாயத் திறக்கலைன்னா வரிசை முடியாது. வரிசை முடியலைன்னா மறுநாள் புளியும் வேம்பும் குடிக்க முடியாது. பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும். அப்பப் பேசுவோம்."

"அதுவரைக்கும் எதைக் குடிக்க? உன் பேச்சையா?" என்றான் அருகு.

"ஏழு நாள் நமக்குக் கிடைக்கிற தொன்னையில ஆளுக்குப் பாதி குடிங்க. மீதியை என் இலையில ஊத்துங்க. நான் பாறை நிழல்ல கிடக்கேன், எங்கிட்டச் சீக்கிரம் வத்தாது. பேசாம இருக்கிற நாள்ல ஆளுக்கொரு சொட்டாப் பிரிச்சுத் தாரேன்."

ஊற்றினார்கள். சிமிழியின் இலைகள் ஒவ்வொன்றாகத் தடித்தன. காற்றில் தண்ணீர் போய்விடக் கூடாது என்று பகல் முழுவதும் மூச்சை அடக்கினாள். இருட்டிய பிறகுதான் விட்டாள். ஏழாம் நாள் நெருஞ்சி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏட்டி, நிறைமாசக்காரி மாதிரில்ல இருக்கே! வளைகாப்பு எப்ப?"

"பேர் வைக்கிற அன்னைக்குச் சேத்து வச்சிக்கலாம்க்கா" என்றாள் சிமிழி. அவள் சிரித்ததை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் ஆட்காட்டி பட்டியலை வாசித்தது. புளி, இருக்கிறேன். வேம்பு, இருக்கிறேன். இலுப்பை, இருக்கிறேன். மற்றவை.

பதில் இல்லை.

"மற்றவை!"

காற்று மட்டும் இருந்தது.

மூன்றாம் முறை கத்திவிட்டு ஆட்காட்டி மருதத்தைப் பார்த்தது. மருதம் சுனையைப் பார்த்தது. மறுநாள் வரிசை தொடங்கவில்லை.

ஐந்து நாள் போயிற்று. மாடத்திக்கு அடுத்த ஊர்க் குளம்வரை நடக்கக் கால் இருந்தது. அவளும் பதில் சொல்லாமல் நடந்தே சமாளித்தாள். செடிகளுக்குச் சாயங்காலம்தோறும் சிமிழி இலை நுனியைச் சாய்த்து ஆளுக்கொரு சொட்டுக் கொடுத்தாள்.

"நீ?" என்று கேட்பாள் தும்பை.

"நான் முதல்லயே குடிச்சாச்சு."

எட்டு நாள் ஆனது. புளி இலை உதிர்க்கத் தொடங்கியது. "காவல்காரரே, அவர்கள் பெயரைத்தான் வாசித்துத் தொலையுமே" என்று வேம்பு கேட்டது. சுனைக்குள் வேர் வைத்திருந்த மருதத்துக்கு அவசரம் ஒன்றும் இல்லை. அது ஆட்காட்டியை அருகிடம் அனுப்பியது.

ஆட்காட்டி அருகின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. "என்ன மாப்ள, நுனியெல்லாம் கருகிப் போச்சு?"

"ஒம்ம வேலையப் பாரும்."

"பாக்கத்தான் வந்தேன். நீ நூலாயிட்டே. அவ இலை இன்னும் தடிச்சுத்தான் இருக்கு. எல்லாரும் ஒரே சொட்டுக் குடிச்சா ஒருத்தி மட்டும் எப்படிக் கொழுப்பா?" இவ்வளவுதான் சொன்னது. பறந்து போய்விட்டது.

பகைவன் கோடாலியோடு வந்தால் சின்னவர்கள் ஒன்றாக நிற்பார்கள். கேள்வியோடு வந்தால் சிதறிவிடுவார்கள். இதை நான் ஒரு முறை இல்லை, பல முறை பார்த்தாயிற்று.

பதினோராம் நாள் காலையில் அருகு பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு பாறையடிக்கு வந்தான். நெருஞ்சியும் வந்தாள்.

"எங்க தண்ணியக் குடு."

"இன்னும் நாலு நாளைக்கு இருக்கு, அருகு. மொத்தமா இப்பக் குடிச்சா..."

"நீ குடிச்சியா இல்லியா, அதைச் சொல்லு!"

அவள் பதில் சொல்லவில்லை. குடிக்கவில்லை என்று சொன்னால் நாளை முதல் யாரும் தங்கள் சொட்டை நிம்மதியாகக் குடிக்க மாட்டார்கள் என்று நினைத்தாளோ என்னவோ. அந்த மௌனத்தை அவர்கள் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"பிய்க்காதீங்கடா" என்றாள். "கீழ கொட்டிரும். எல்லாருக்கும் உள்ளது."

பிய்த்தார்கள். ஒவ்வொரு இலையாகக் கிள்ளிப் பிழிந்து வாயில் விட்டுக்கொண்டார்கள். பாதி கைமாறும்போதே கொட்டியது. அவள் இலையில்லாத தண்டாக நின்றாள். அந்த நேரம் பார்த்துச் சுனைக்கரையில் ஆட்காட்டி கத்தியது: "மற்றவை!"

"இருக்கோம்!" என்று கத்தினான் அருகு. வரிசை முடிந்தது. புளியும் வேம்பும் ஓடி வந்து குடித்தன.

நெருஞ்சி அங்கேயே நின்றிருந்தாள், பக்கத்தில் அருகு. "தண்டுலயும் ஒளிச்சு வச்சிருப்பா" என்று சொல்லி, பிடித்து வளைத்தாள். சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது. உள்ளே ஒரு துளி ஈரமில்லை. தூள்தான் கொட்டியது. பதினோரு நாளாக அவள் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை. தண்டின் உச்சியில் ஒரு மொட்டு விரியாமல் காய்ந்திருந்தது.

நெருஞ்சி அருகைப் பார்த்தாள். அருகு தன் கையைப் பார்த்தான். கையில் இன்னும் ஈரம் இருந்தது.

அவளைப் புதைக்க யாருக்கும் துணிவு வரவில்லை. ஆனால் பிய்த்து எறிந்த இலைகளில் பிழியாமல் தப்பியவை ஐந்தாறு, விழுந்த இடத்திலேயே ஒரு மாதத்தில் வெள்ளை வேர் விட்டன. ஒவ்வொன்றின் காம்பு முனையிலும் மிளகு அளவில் ஒரு சின்னச் சிமிழி. மருதத்துக்குச் செய்தி போயிற்று. "அந்த வம்சம் சுனை நிலத்தில் வேர் விடக் கூடாது. பிடுங்கி எறியுங்கள்" என்று உத்தரவு வந்தது.

மாடத்தி அந்த இலைகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு போனாள். உடைந்த சட்டியில் கல்லுடைத்த சல்லியும் கொஞ்சம் மணலும் போட்டு, இலைகளை வைத்து, தன் குடிசைச் சன்னலில் தூக்கி வைத்தாள். ஆட்காட்டி பறந்து வந்தது.

"உத்தரவு தெரியாதா ஒனக்கு?"

"சுனை நிலத்துல வைக்கலீங்களே. என் சன்னல்ல வச்சிருக்கேன். சன்னல் எப்பருந்து ஒங்க மருதத்துக்கு நிலமாச்சு?"

ஆட்காட்டி வந்த வழியே பறந்துபோனது. சுனைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்தச் சன்னலைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. மாடத்தி அதற்காகத்தான் அங்கே வைத்தாள்.

அருகு தினமும் வந்தான். தொன்னையில் தனக்குக் கிடைத்த பங்கை வாயில் வைக்காமல் கொண்டுவந்து சட்டியில் ஊற்றினான். பத்தே நாளில் ஒரு குட்டிச்செடி அடியிலிருந்து கறுத்து, குழைந்து, அழுகிச் சாய்ந்தது.

"நிறுத்துல!" என்று மாடத்தி கல்லுடைக்கிற சுத்தியலோடு வெளியே வந்தாள். "அவ உசுரோட இருக்கையில ஒரு வாய் குடுத்தியா? இப்ப ஊத்தி இதையும் கொல்லுத. போ, உன் பாவத்தை வேற எங்கயாச்சும் கழுவு."

அவன் போனான். போனாலும் சன்னலைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டான்.

அடுத்த கோடை இன்னும் கொடியது. மாடத்திக்குக் குடிக்கவே தண்ணீரில்லை; சட்டிக்குக் கையலம்பிய நீர்கூட இல்லை. இருபது நாள் காய்ந்தது. செடியின் இலைகள் சுருங்கி ஓரம் சிவந்தன. செத்துவிட்டது என்று அவள் நினைத்த காலையில், நடுவிலிருந்து ஒரு காம்பு கிளம்பியிருந்தது. அதன் உச்சியில், அன்று விரியாமல் காய்ந்துபோன அதே மொட்டு, விரிந்து நின்றது.

சுனைக்குப் போன ஒவ்வொருவரும் பார்த்தார்கள். யாரும் கூட்டம் கூட்டவில்லை, திட்டம் சொல்லவில்லை. அன்று ஆட்காட்டி "மற்றவை" என்று வாசித்தபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இந்த முறை சேர்த்து வைத்த தண்ணீர் இல்லை. சொட்டுக் கொடுக்க ஆளும் இல்லை. ஆறாம் நாள் தும்பை செத்தாள். அவள் பக்கத்திலிருந்த இரண்டு பேரும் செத்தார்கள். அருகு தரையோடு தரையாகக் கருகினான். ஆட்காட்டி அவன் காதருகே மறுபடி வந்து உட்கார்ந்தபோது, கண்ணைக்கூடத் திறக்கவில்லை. பதினேழு நாள். பதினெட்டாம் நாள் மொட்டையாக நின்ற புளியும் வேம்பும் இலுப்பையும் மருதத்தைச் சூழ்ந்துகொண்டன. மருதத்துக்கு வேறு வழி இல்லை. "கேட்கிற பெயரை வாசித்துவிடு" என்றது.

"செத்தவ பேரைத்தான் முதல்ல கேக்காங்க" என்றது ஆட்காட்டி. "வாசிச்சா பதில் யாரு சொல்ல?"

"நீ வாசி" என்றாள் நெருஞ்சி. "பதிலை நாங்க பாத்துக்கிடுதோம்."

ஆட்காட்டி வாசித்தது. பெயரைப் பாதியில் விழுங்கியது. மறுபடி முதலிலிருந்து வாசிக்க வைத்தார்கள். உயிரோடு மிஞ்சிய அத்தனை பேரும் சேர்ந்து, "இருக்கோம்" என்றார்கள்.

இதை வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். மறுநாள் பட்டியலில் மற்றவை என்ற சொல் இல்லை. ஒவ்வொருவர் பெயரும் இருந்தது. தொன்னை மட்டும் அதே தொன்னை. அதற்கு இன்னொரு சண்டை வேண்டும். அந்தப் பெயரை வாசித்த குற்றத்துக்காக மருதம் ஆட்காட்டியைத் தன் கிளையில் உட்கார விடவில்லை. மற்ற மரங்களும் விடவில்லை. இன்றுவரை அது தரையில்தான் திரிகிறது, தரையில்தான் முட்டையிடுகிறது. பெரியவர்களுக்கு ஏவல் செய்தவனுக்குக் கிடைக்கிற கூலி அது. அருகு எத்தனை பேர் மிதித்தாலும் செத்தும் சாகாமல் கிடக்கிறான். அதைச் சிலர் பெருமையாகப் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அது தண்டனை.

அன்று முதல்தான் சன்னல் சட்டியில் இருக்கும் அந்தச் சின்னச் செடி தண்ணீரை இலையில் சேர்த்து வைக்கிறது. பகலில் மூச்சை அடக்குகிறது. பிய்த்துப் போட்ட இலையிலிருந்தும் பிழைத்து எழுகிறது. பாவத்துக்கு அஞ்சி அள்ளி ஊற்றினால் அழுகிச் சாகிறது. நீர் நிறைந்த நாளில் அது பூப்பதில்லை, தாகத்தில்தான் பூக்கிறது. அது அழகுக்குப் பூப்பதல்ல. நெருஞ்சியும் அருகும் கல்லுடைக்கிற மாடத்தியும் மொட்டையாய் நின்ற மரங்களும் சாட்சியாக இருக்க, சுனைக்கரையில் உரக்க வாசிக்கப்பட்ட அந்தப் பெயரை அது ஒவ்வொரு பூவிலும் திரும்ப வாசிக்கிறது: பாறையடிச் சிமிழி.