கோட்டுக்கு வெளியே முதல் துளை

எங்கள் பட்டறையில் குருவுக்கு முப்பத்து மூன்று வயது, சிஷ்யனுக்கு ஐம்பத்து நான்கு. லேசர் கட்டிங் மிஷினை ஓட்டும் நாகமணிதான் குரு. இருபத்தெட்டு வருஷம் லாரி ஓட்டி, முதுகில் ஆபரேஷன் ஆகி, இனிமேல் ஸ்டியரிங் பிடிக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் இங்கே வந்து சேர்ந்த ராக்கியப்பன் சிஷ்யன். அவர் அவளை அம்மிணி என்பார், அவள் அவரை அண்ணா என்பாள். குரு, சிஷ்யன் என்பதெல்லாம் பக்கத்தில் பெண்டிங் மிஷினில் தகடு மடிக்கிற நான் கேலிக்கு வைத்த பேர். எனக்கு வாய் சும்மா இருக்காது.

அன்று புதன்கிழமை. காலை டீக்கு நின்றபோது ராக்கியப்பன் கிளாஸைப் பிடித்தபடி குடிக்காமலே நின்றார்.

"அம்மிணி, ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்ண்ணா."

"சுகந்தி வர்ற ஞாயித்துக்கெழமை மஸ்கட்டுக்குப் போறாளாம். மாப்பிள்ளைக்கு அங்க வேலை கெடச்சிருக்குது. மாப்பிள்ளைதான் கூப்பிட்டுச் சொன்னாரு. அவ சொல்லல."

சுகந்தி அவருடைய ஒரே மகள், திருப்பூரில் இருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் வீட்டுக்காரம்மா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியபோது இவர் லோடோடு நாக்பூர் தாண்டி நின்றுகொண்டிருந்தார். வந்து சேர நாலு நாள் ஆனது. சேர்த்தது, காத்துக்கிடந்தது, உடம்பைத் தூக்கிக்கொண்டு வந்தது எல்லாம் அந்தப் பெண் ஒற்றை ஆளாகப் பார்த்தாள். அதிலிருந்து அப்பாவோடு பேச்சு இல்லை.

"போனை எடுக்குதுங்களா?" என்றாள் நாகமணி.

"எடுக்கறா. நான் வாயைத் தொறந்ததும் வெச்சர்றா."

"என்ன சொல்லித் தொறப்பீங்க?"

"வேறென்ன? உங்கம்மா போனன்னைக்கு நான் வேணும்னு வராம இருக்கல கண்ணு, அப்படீன்னுதான். அதைத்தானே சொல்லோணும்? எத்தனை தரம் கூப்பிட்டாலும் அந்த எடத்துலயே கட் பண்ணிர்றா. எங்கிருந்துதான் அம்மிணி ஆரம்பிக்கறது?"

நாகமணி தன் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"இன்னைக்கு வெட்டற புரோகிராமை நீங்களே கம்ப்யூட்டர்ல போடுங்ண்ணா. கிரைண்டர் மூடி, பன்னெண்டு."

எனக்கு அவள்மேல் சுருக்கென்று கோபம் வந்தது. மனுஷன் அழாத குறையாகக் கேட்கிறார், இவள் மூடி பன்னிரண்டு என்கிறாள். ஆனாலும் அவர் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். தனியாகப் போடுவது அதுதான் முதல் தடவை. ஒரு மணி நேரம் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துப் போட்டார். பதினொன்றரைக்கெல்லாம் பன்னிரண்டு மூடியும் வெட்டி முடிந்து, ஓரம் மடிக்க என்னிடம் வந்தன.

முதல் மூடியை எடுத்ததுமே என் கட்டைவிரலில் ஒன்று தட்டுப்பட்டது. இரண்டாவதிலும் அதே. பன்னிரண்டிலும் விளிம்பில் ஒரே இடத்தில் கருகின குழி, அதைச் சுற்றிச் சின்ன மேடு.

"குருவே," என்றேன், "உங்க சிஷ்யன் மூடிக்கெல்லாம் மரு வெச்சு அனுப்பியிருக்காரு."

நாகமணி வந்து மூடியைப் பார்க்கவில்லை. நேராகக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். எப்போதும் ஒவ்வொரு வட்டத்துக்கும் வெளியிலிருந்து சின்ன வால் மாதிரி ஒரு கோடு வந்து வட்டத்தில் சேரும். இதில் வட்டங்கள் மட்டும்தான் இருந்தன.

"வாலெல்லாம் எங்கீங்ண்ணா?"

"நாந்தான் அழிச்சேன். கோட்டுக்கு வெளிய சும்மா நீட்டிக்கிட்டு இருந்துச்சு. தப்பா விழுந்த கோடுன்னு நெனச்சேன். சுத்தமா இருக்கட்டுமேன்னு..." சொல்லும்போதே அவர் முகம் செத்துப்போனது. "முதலாளிகிட்ட நானே சொல்லிக்கறேன் அம்மிணி."

"அது அப்புறம் பாத்துக்கலாம். கண்ணை மூடிக்கிட்டு விளிம்புல வெரலை ஓட்டுங்க."

ஓட்டினார். விரல் நின்றது.

"எந்த எடமுங்ண்ணா?"

"வெட்டு ஆரம்பிச்ச எடம்."

நாகமணி வாலோடு ஒரு மூடியைப் போட்டு மிஷினை ஓட்டினாள். கண்ணாடி வழியாக மூன்று பேரும் பார்த்தோம். கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளியில் பொறி தாறுமாறாகத் தெறித்தது. ஒரு நொடிதான். அப்புறம் வெளிச்சம் அடங்கி, வால் வழியாக நகர்ந்து வந்து, சத்தமில்லாமல் வட்டத்தில் சேர்ந்து சுற்றிப் போனது.

மூடியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் கண்ணை மூடி ஒரு சுற்று ஓட்டினார். இன்னொரு சுற்று ஓட்டினார்.

"எங்க ஆரம்பிச்சுதுன்னே தெரியலியே."

"இங்க," என்று அவர் விரலைப் பிடித்து மிச்சத் தகட்டில் வைத்தாள். கருகிச் சிதறின ஒரு துளை இருந்தது. "மொதல் துளை போடறப்ப தெறிக்கத்தான் செய்யுமுங்ண்ணா. எத்தனை நல்ல மிஷினா இருந்தாலும் தெறிக்கும். அதனால அதை வேண்டாத தகட்டுல போட்டுக்கறது."

ராக்கியப்பன் அந்தத் துளையைத் திரும்பத் திரும்ப விரலால் தடவிப் பார்த்தார். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது, யாரும் நகரவில்லை.

"எனக்கு வேண்டாத தகடு எங்க அம்மிணி இருக்குது?" என்றார்.

"மத்தியானத்துக்கு என்ன கொண்டாந்தீங்க?"

"தட்டப்பயிறு கொழம்பு. உப்பு கூடிப்போச்சு. காலைலயே ஒரு வாய் வெச்சுப் பாத்தேன், கரிக்குது."

"சுகந்திகிட்ட மொதல்ல இதைச் சொல்லுங்க."

அவர் போனை எடுத்தார். நான் மூடிகளை வரிசையாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு மருவாக அரம் போட்டுக்கொண்டிருந்தேன், அதை நிறுத்தினேன். நாகமணி போய் இரைந்துகொண்டிருந்த கம்ப்ரஸரை அணைத்தாள்.

"கண்ணு, அப்பன்தான். இல்ல சாமி, வெச்சராத, அதுக்குக் கூப்பிடல. தட்டப்பயிறு கொழம்பு வெச்சேன். உப்பு கரிக்குது. என்ன பண்றதுன்னு தெரியல."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"உருளக்கெழங்கா," என்றார் ராக்கியப்பன். "முழுசாப் போடறதா, வெட்டியா? ரெண்டா வெட்டி. சரி. இல்ல கண்ணு, நானேதான் ஆக்கறேன். ரெண்டு வருஷமா நானேதான். ரசம் வெப்பேன். ஆமா, உங்கம்மா மாதிரியெல்லாம் வராது."

பிறகு அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

"ஞாயித்துக்கெழமை எத்தனை மணிக்குக் கண்ணு? வரட்டுமா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி. காலைலயே வந்தர்றேன்," என்றார்.

போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு நாகமணியைப் பார்த்தார்.

"அன்னைக்கு வராமப் போன பேச்சே நான் எடுக்கல அம்மிணி. அவளும் எடுக்கல. கோட்டுக்கு இன்னும் வரவே இல்லியே. அந்த வாலை எத்தனை நீளம் வெக்கறதுன்னு நீங்க சொல்லித்தரலியே."

நாகமணி அவருடைய சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, குழம்பில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். தன் டப்பாவிலிருந்த தயிரை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"தகடு எவ்வளவு தடிமனோ," என்றாள், "அவ்வளவுக்கு நீளமா வெக்கோணுமுங்ண்ணா."