எஸ்தர்கனியின் ஒற்றை வரி

பாளையங்கோட்டையில் ஒரு தேவாலயப் பாடகர் குழு. அதை நடத்துபவர் ஜெபசீலி டீச்சர். குழுவுக்கான இசைத்தாள்களைக் கணினியில் கோர்ப்பவர் தங்கையா. வயதில் டீச்சரைவிட மூத்தவர்தான். ஆனால் அதற்கான மென்பொருளின் அரிச்சுவடியை டீச்சரிடம்தான் கற்றார்.

ஈஸ்டர் பாட்டில் ஒரே ஒரு வரியைத் தங்கையாவின் மனைவி எஸ்தர்கனி தனியாகப் பாட வேண்டும். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அவர் பாடும் முதல் பாட்டு. குரல் நூலாக இளைத்திருந்தது. பின்னால் மெல்ல ஒத்துப்பாட வேண்டிய குழுவோ கூரை பிய்ந்துபோகிற மாதிரி பாடியது.

"இன்னொரு தடவை இப்படி அமுக்கினாங்கன்னா, நான் இனிமே பாடவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டார் எஸ்தர்கனி.

தங்கையா குழுவின் தாளில் அந்த இடத்தில் இருந்த 'மெதுவாக' என்ற சொல்லைப் பெரிதாக்கினார். பிறகு தடித்த எழுத்தாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். பாட்டின் தலைப்பே அதன் பக்கத்தில் சோனியாகத் தெரிந்தது. குழு அசைந்து கொடுக்கவில்லை.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு டீச்சரிடம் போனார்.

"இன்னும் எவ்வளவு பெருசா வச்சா இவங்க மெதுவாப் பாடுவாங்க, டீச்சர்?"

டீச்சர் திரையைப் பார்த்தார்.

"மதினி பாடுற வரி இதுல எங்க, அண்ணாச்சி?"

"அது அவ தாள்ல இருக்கு. இவங்களா அதைப் பாடப்போறாங்க? இடம்தான் வீணாப் போகும்."

டீச்சர் மவுஸை வாங்கினார். 'மெதுவாக'வைப் பழைய அளவுக்கே இறக்கினார். குழுவின் வரிக்கு மேலே எஸ்தர்கனியின் வரியை, நோட்டும் சொல்லுமாக, பாதி அளவில் பொடிப்பொடியாகச் சேர்த்தார். தங்கையாவுக்கு உள்ளுக்குள் எரிச்சல். குழுவில் பாதிப்பேர் கண்ணாடி போட்டவர்கள். இதை யார் படிக்கப்போகிறார்கள்?

மறுநாள் ஒத்திகையில் அந்த இடம் வந்தது. எல்லோரும் தாளை முகத்தருகே கொண்டுபோனார்கள். சிலர் பொடி எழுத்தின் மேல் விரலை ஓட்டினார்கள். அந்த வரி எதுவரைக்கும் போயிருக்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டே தங்கள் பங்கைப் பாடினார்கள். எஸ்தர்கனியின் குரல் கடைசி பெஞ்சு வரை கேட்டது. அங்கே உட்கார்ந்திருந்த தங்கையாவுக்கு அழுகை வந்துவிட்டது.

எல்லோரும் கலைந்ததும் டீச்சரிடம் கேட்டார்.

"அவ்வளவு பெரிய எழுத்துக்கு அடங்காதவங்க, இந்தப் பொடி எழுத்துக்கு எப்படி டீச்சர் அடங்கினாங்க?"

"நீங்க அவங்களை அடங்கச் சொன்னீங்க, அண்ணாச்சி. நான் மதினி பாடுறதைக் கேக்கச் சொன்னேன்."