சலோமி மைனாவின் ஜெபக்குறிப்பு

அல்லிக்குளத்து மைனா சலோமிக்கு ஒரு சேதி கிடைத்துவிட்டால் போதும். சுடச்சுட அவித்த கிழங்கை வாயில் போட்டுக்கொண்டதுபோல் தவிக்கும். விழுங்கவும் முடியாது. துப்பினால்தான் நிம்மதி.

குளத்துக்கு அக்கரையில் ஒரு சின்னத் தேவாலயம். மனிதர்கள் அங்கே கூடி ஜெபிப்பதைப் பார்த்துப் பார்த்து, இக்கரை ஜீவன்களுக்கும் ஆசை வந்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலமானால் எல்லாம் மருதமரத்தடியில் கூடும். யாருக்கு என்ன கஷ்டம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். அதற்கு ஜெபக்குறிப்பு என்று பெயர். பிறகு கண்ணை மூடி அதற்காக வேண்டிக்கொள்ளும். கூட்டத்தை நடத்துவது ஏசாவடியான் ஆமை. அது கண்ணை மூடினால் லேசில் திறக்காது.

புறணி பேசக்கூடாது என்பது கூட்டத்தின் சட்டம். ஆனால் ஜெபக்குறிப்பு சொல்லலாமே! சலோமி அந்தச் சந்துக்குள் புகுந்துகொண்டது.

"முயலுக்கும் அவ மாமியாருக்கும் பேச்சே இல்லையாம். ஜெபத்துல தாங்கிக்கோங்க!"

"அணில் வீட்டுல நேத்து ஒரே சத்தம். நான் ஒண்ணும் ஒட்டுக்கேக்கல. கிளையில காத்து வாங்கினேன், காதுல விழுந்துச்சு. பாரத்தோட ஜெபிங்க!"

கண் மூடிய கூட்டத்தில் காதுகள் மட்டும் நன்றாக விரிந்திருக்கும்.

ஒருநாள் கரையோரக் கோரைப் புல்லில் கீரி அருமைநாயகம் நிற்பதைச் சலோமி பார்த்தது. நீர்க்கோழி மரியபுஷ்பத்தின் கூட்டருகே மூக்கை நீட்டி மோந்துகொண்டிருந்தது கீரி. ஒருகாலத்தில் அது முட்டைக் கள்ளன். பிறகு மனந்திரும்பி, மருதமரத்தடியில் எல்லார் முன்னாலும் அழுது சாட்சி சொல்லி, பாம்புகளை விரட்டிக் கரையைக் காத்துவந்தது.

மோந்த கீரி சும்மா திரும்பிப் போயிற்று. முட்டைகள் முழுசாக இருந்தன. அதையும் சலோமி பார்த்தது. ஆனால் அதைச் சொன்னால் சேதியில் உப்பு இருக்காதே!

சனிக்கிழமை வந்தது. சலோமி தொண்டையைச் செருமியது.

"ஒரு சகோதரருக்காக நாம ஜெபிக்கணும். பேரு சொல்லமாட்டேன்."

"பேரு தெரியாம எப்படிக்கா ஜெபிக்கிறது?" என்றது அணில்.

"ஆண்டவருக்குத் தெரியும். பழைய பாவம் அவரைத் திரும்ப இழுக்குது. நீள வாலு. பாம்பைக் கண்டா உடம்பு சிலுத்துக்கும். நேத்து நம்ம புஷ்பத்தக்கா கூட்டுப் பக்கம்... வேண்டாம், நான் ஏன் சொல்லணும்? அன்போட ஜெபிப்போம்!"

எல்லாக் கண்களும் கடைசி வரிசைக்குத் திரும்பின. அங்கேதான் கீரி உட்கார்ந்திருந்தது.

வாத்து ஒன்று முந்திக்கொண்டு சத்தமாய்த் தொடங்கிவிட்டது. "ஆண்டவரே! எங்க கீரியண்ணனைத் திருட்டுப் புத்தியிலயிருந்து விடுவியும்!"

கீரி எழுந்தது. "பாம்பு வாடை வந்துச்சு. அதான் மோந்து பாத்தேன்."

"கள்ளன் வேற என்ன சொல்லுவான்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கீரி மைனாவைப் பார்த்தது. "சலோமி, நீயும் அங்கதானே இருந்தே? நான் முட்டையைத் தொட்டேனா?"

சலோமி கண்ணை இறுக மூடிக்கொண்டது. "ஜெப நேரத்துல பேசக்கூடாதுண்ணே!"

கீரி திரும்பி நடந்தது. குளத்தைவிட்டுக் கள்ளிக்காட்டுக்குப் போய்விட்டது. சலோமிக்கு நெஞ்சில் ஏதோ லேசாய்க் குத்தியது. 'ஜெபிக்கத்தானே சொன்னேன்?' என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டது.

காவல் இல்லாத கரைக்குப் பாம்பு வர எத்தனை நேரமாகும்? குளத்தோரத்து இடிந்த சுவரில் ஒரு பொந்து. அதில்தான் சலோமியின் மூன்று முட்டைகள். ஒரு நண்பகலில் இரை தேடித் திரும்பிய சலோமி, சுவரடியில் ஒரு சாரைப்பாம்பு நெளிந்து ஏறுவதைக் கண்டது.

"பாம்பு! பாம்பு!" என்று கத்திக்கொண்டே சலோமி கள்ளிக்காட்டுக்குப் பறந்தது. "அண்ணே! என் முட்டை!"

கீரி ஒரு குத்தல்கூடப் பேசவில்லை. எழுந்து ஓடிவந்தது.

ஆனால் கரையில் நீர்க்கோழியும் வாத்துகளும் காக்கைகளும் வழிமறித்துக்கொண்டன. "கள்ளன் வந்துட்டான்! விடாதீங்க!" காக்கைகள் அதன் முதுகைக் கொத்தின.

"ஐயோ, வழி விடுங்க!" என்று கத்தியது சலோமி. "ஆண்டவர் பேரால வழி விடுங்க!"

"உனக்கு என்ன பைத்தியமா?" என்றது புஷ்பம். "பழைய பாவம் இழுக்குதுன்னு நீதானே சொன்னே! உன் முட்டைக்குத்தான் வர்றான். உனக்காகத்தான் மறிக்கிறோம்!"

பாம்பின் பாதி உடல் பொந்துக்குள் போய்விட்டது.

ஜெபக்குறிப்பு என்ற போர்வை இனி உதவாது. சலோமி தரையில் இறங்கி, எல்லார் முகத்தையும் பார்த்து அலறியது.

"அவர் தொடல! முட்டை முழுசா இருந்துச்சு, நான் பாத்தேன்! தெரிஞ்சேதான் அப்படிச் சொன்னேன்!"

காக்கைகள் விலகின. கீரி ஒரே பாய்ச்சலில் பாம்பின் வாலைக் கவ்வி வெளியே இழுத்து, குளத்தைத் தாண்டி விரட்டியது. மூன்றில் ஒரு முட்டை போய்விட்டது. இரண்டு தப்பின.

அடுத்த சனிக்கிழமை ஆமை கேட்டது: "ஜெபக்குறிப்பு யாருக்காவது உண்டா?"

"எனக்கு இருக்கு," என்றது சலோமி. "என் வாய்க்காக ஜெபிங்க."

அணில் சிரித்துவிட்டது. கூட்டமே சிரித்தது. திரும்பி வந்திருந்த கீரியும் மெல்லச் சிரித்தது. புஷ்பம் நகர்ந்து அதற்குத் தன் பக்கத்திலேயே இடம் கொடுத்தது. எல்லாம் கண்ணை மூடின. சலோமி மட்டும் ஒருகணம் கண் திறந்தது. அப்போது புஷ்பமும் கண்ணைத் திறந்து, கோரைக்குள் இருக்கும் தன் கூட்டை ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டது. அந்தப் பார்வை தன் வாயிலிருந்து பிறந்தது என்று சலோமிக்குத் தெரியும்.

ஜெபம் என்று பேர் வைத்தாலும் புறணி புறணிதான். தப்பை ஒப்புக்கொண்ட பிறகும் அது விதைத்த சந்தேகம் சீக்கிரம் சாகாது என்பதால், அடுத்தவர் குறையை ஆண்டவரிடம் மட்டும் சொல்லி, ஊர் நடுவே அவரைப்பற்றி உண்மையையே பேசு.