காளைக்கு வைத்த அதிரசம்

கடல் இப்போது இருக்கும் இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்த காலம் அது. அந்தக் கடலோர ஊர் ஒன்றில் கொற்றன் என்ற உப்பு வணிகன் இருந்தான். அவன் கதையைக் கேளுங்கள்.

கொற்றனுக்கு மூன்று ஆசைகள். ஒன்று, அவன் மனைவி அல்லி. இன்னொன்று மயிலை, அவனுடைய சாம்பல் நிறக் காளை. மூன்றாவது சாப்பாடு. மூன்றில் எது பெரிது என்று கேட்டால், வாயில் இருப்பதை விழுங்கிவிட்டுத்தான் பதில் சொல்வான்.

காலையில் எழுந்ததும் நெய் ஒழுகும் அதிரசம். அது செரிப்பதற்குள் பணியாரம். உச்சிவேளையில் குவித்து வைத்த சோறு. கீரையை மட்டும் இலையோரம் ஒதுக்கிவிடுவான். பசித்துச் சாப்பிட்டான் என்று ஒருநாளும் சொல்ல முடியாது. பசி வருவதற்கு அவன் இடமே கொடுத்ததில்லை.

அல்லி சொல்லிப் பார்த்தாள். கெஞ்சிப் பார்த்தாள். சண்டையும் போட்டுப் பார்த்தாள். கொற்றன் சிரித்துக்கொண்டே அடுத்த அதிரசத்தை எடுப்பான்.

தை பிறந்தால் அந்த ஊர் வணிகர்கள் வண்டிகளில் உப்பேற்றிக்கொண்டு, கணவாய் தாண்டி மலைநாட்டுக்குப் போவார்கள். எல்லோருக்கும் முன்னால் போவது கொற்றனின் ஒற்றை மாட்டு வண்டி. ஏற்றம் வந்ததும் எல்லோரும் இறங்கி வண்டியைத் தள்ள வேண்டும்.

ஒரு வருடம் கொற்றனும் அப்படித்தான் இறங்கினான். கொஞ்ச தூரம் தள்ளினான், மூச்சு வாங்கியது. இன்னும் கொஞ்சம் தள்ளினான், முழங்கால் நடுங்கியது. அதற்கு மேல் முடியாமல் மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டான். உப்போடு அவனையும் சேர்த்து இழுத்த மயிலை, பாதி ஏற்றத்தில் கால் மடங்கி விழுந்தது. மற்றவர்கள்தான் ஓடிவந்து அதைத் தூக்கி நிறுத்தினார்கள்.

ஊர் திரும்பியதும், வணிகர்களில் மூத்தவரான பூதனார் அவனைத் தனியே கூப்பிட்டார்.

"கொற்றா, மனசுல வெச்சுக்காதே. அடுத்த தைக்கு நீ வீட்டிலேயே இரு. உன் காளையை நாங்க பார்த்துக்கறோம்."

கொற்றனுக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தான். துக்கம் தாங்காமல் வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டான்!

மறுநாள் காலை, "உப்பளத்துக்குப் போயிட்டு வரேன், மயிலையைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கியவன், தொழுவத்தைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றான். மயிலையின் முன்னால் ஒரு தட்டு நிறைய அதிரசம். பக்கத்தில் நெய்க் கிண்ணத்தோடு அல்லி.

"அடியே! என்ன பண்றே?"

"மயிலைக்குத் தீனி வைக்கிறேங்க."

"இப்பத்தானே தின்னுச்சு! அசைபோட்டுக்கூட முடிக்கலையே!"

"அப்போ எப்படி வைக்கணும்? நீங்கதான் சொல்லுங்களேன்."

"பசிச்சாத்தான் வைக்கணும். பசும்புல் நிறைய வைக்கணும், புண்ணாக்கு ஒரு கைதான். அவசரப்படுத்தாம, நிதானமா மெல்ல விடணும். இப்படி நெய்யும் வெல்லமுமாத் திணிச்சா அது வயிறு ஊதிச் செத்துப்போயிடும்டி!"

அல்லி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"இது உங்க தட்டுங்க. மயிலை செத்துப்போனா வேற காளை வாங்கிக்கலாம். நீங்க போயிட்டா, நான் எந்தச் சந்தையில போய் வாங்குவேன்?"

மயிலை அந்த அதிரசத்தை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது.

அன்று முதல் கொற்றன் பசிக்கும்வரை காத்திருந்தான். முதலில் பெரும்பாடாகத்தான் இருந்தது. பலகாரப் பானை இருக்கும் பக்கம் கை தானாகப் போகும். உடனே எழுந்து உப்பளத்துக்கு நடையைக் கட்டுவான். நடந்து திரும்பினால் நிஜமாகவே பசிக்கும். பசியோடு தின்றபோதுதான் முருங்கைக்கீரைக்கும் ஒரு ருசி உண்டென்று கண்டுபிடித்தான். "இதை ஏன்டி இத்தனை நாள் எனக்குப் போடலே?" என்று கேட்டு அல்லியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். நல்ல நாள் வந்தால் அதிரசமும் உண்டு. ஒன்றே ஒன்று, மென்று ரசித்துத் தின்பான்.

அடுத்த தை வந்தது. "ஏற்றம் வரைக்குமாவது வரேன்" என்று பூதனாரிடம் கேட்டுக்கொண்டு கொற்றனும் கிளம்பினான். ஏற்றத்தில் இறங்கி, வண்டிக்குத் தோள் கொடுத்தான். நிற்கவில்லை, உட்காரவில்லை, மூட்டைமேல் ஏறவும் இல்லை. பின்னாலிருந்து பூதனாரின் குரல் கேட்டது.

"அடேய் கொற்றா, கொஞ்சம் நில்லப்பா! எங்களுக்கு மூச்சு வாங்குது!"

கொற்றன் சிரித்த சிரிப்பு கணவாய் முழுக்கக் கேட்டதாம்.

நாம் வளர்க்கும் மாட்டிடம் காட்டும் அக்கறையை நம் வயிற்றிடமும் காட்டி, பசித்தபோது, அளவோடு, நிதானமாக உண்டால் உடம்பு கடைசிவரை நம்மைக் கைவிடாது.