சாக்பீஸ் மெஷின்

வைகுண்டம் தபால் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் முத்திரை குத்தியவர். ஓய்வு பெற்றதும் மரவேலை படிக்கக் காந்திமதியிடம் போய்ச் சேர்ந்தார். குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபத்திரண்டு.

காந்திமதி இழைத்த பலகையைத் தடவிப் பார்த்தால் கையை எடுக்க மனம் வராது. அப்படியொரு கை. பேச்சில்தான் மகா கஞ்சம்.

ஒரு நாள் காலையில் சீடர் கேட்டார்.

"டீச்சர், வீட்டுப் பின்னறையில போட இழைக்கிற மெஷின் வாங்கணும். ஆறு இஞ்ச் அகலப் பலகை இழைக்கிறதா, பன்னிரண்டா?"

"முதல்ல என்ன செய்யப் போறீங்க அண்ணாச்சி?"

"சொர்ணத்துக்கு ஒரு கைப்பிடி. சுவர் நெடுக."

சொர்ணம் அவர் மனைவி. பக்கவாதத்தில் ஐந்து மாதம் படுத்துக் கிடந்தவர். இப்போதுதான் பின்னறைச் சுவரைப் பிடித்து நடக்கப் பழகுகிறார். தினமும் இருபது எட்டு வைக்கிறார்.

"கைப்பிடி என்ன அகலம்?"

"ரெண்டு இஞ்ச்." சொன்ன பிறகு வைகுண்டத்துக்கே வெட்கமாக இருந்தது. "நாளைக்குப் பெருசா ஏதும் செய்யத் தோணினா? வாங்குறதை ஒரேயடியா பெருசா வாங்கிட்டா நல்லதுல்லா?"

காந்திமதி ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டார். எழுந்து அவரோடு வீட்டுக்கு வந்தார்.

பின்னறைத் தரையில் பன்னிரண்டு இஞ்ச் மெஷினைச் சாக்பீஸால் வரைந்தார். பலகை உள்ளே போக இந்தப் பக்கம் நாலடி, வெளியே வர அந்தப் பக்கம் நாலடி. படம் இரண்டு சுவரையும் தொட்டு நின்றது.

"பொருந்துது டீச்சர்! அளவெடுத்து வச்ச மாதிரி!" சீடருக்கு ஒரே குதூகலம்.

குரு ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

சொர்ணம் நடக்கிற நேரம் அது. சுவரைப் பிடித்தபடி வந்தார். அவர் கை பட்டுப் பட்டு அந்தச் சுவரில் இடுப்புயரத்துக்கு ஒரு கறுத்த தடம் விழுந்திருந்தது. நாலு எட்டு வைத்தார். சாக்பீஸ் கோட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"வெறும் சாக்பீஸ்தான். மிதிச்சுட்டு வா" என்றார் வைகுண்டம்.

"மெஷின் வரப்போற இடம்லா. எனக்கு நாலு எட்டு போதும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மெல்லத் திரும்பினார்.

வைகுண்டம் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் குனிந்து, கோடு முழுவதையும் துடைத்தார்.

"அப்போ என்ன அளவுதான் வாங்கட்டும் டீச்சர்?"

காந்திமதி சாக்பீஸை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"அவங்க நடந்து முடிக்கட்டும் அண்ணாச்சி. மிச்சம் கிடக்கிற இடத்துல வரைங்க."