மொட்டை மலையில் டீ

"ஒருத்தனை மன்னிக்கவே மாட்டேன்னு இருக்க எனக்கு உரிமை உண்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க டீச்சர்."

கேட்டவர் மீராசா பாய். ஐம்பது தாண்டியவர். அரபு நாட்டில், கடலுக்கும் மலைக்கும் நடுவே கிடக்கிற ஒரு நகரத்தில் பாதி ஆயுளைக் கழித்தவர். சர்க்கரை ஏறிப்போச்சு, நடக்கணும் என்று டாக்டர் சொன்னார். நடக்க வந்த இடத்தில் அமலி டீச்சரிடம் மாட்டிக்கொண்டார்.

டீச்சர் அவரைவிட ரொம்பச் சின்னவர். தூத்துக்குடிப் பக்கம். இந்த நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுக்கிற வேலை. லீவு நாளில் மலை ஏறுவார். கூட ஏறுகிறவர்கள் மனசில் இருப்பதை அவரிடம் கேட்பார்கள். நேராக ஒரு பதிலை அவர் வாயிலிருந்து வாங்கியவர்கள் யாரும் கிடையாது. ஆனாலும் கேட்பார்கள்.

"யாரை?" என்றார் டீச்சர்.

"என் தம்பி தஸ்தகீரை."

"என்ன செஞ்சாரு?"

பாய்க்குக் கழுத்து நரம்பு புடைத்தது.

"எங்க உம்மா மௌத்தாயிட்டாங்கன்னு ஊர்ல இருந்து போன். லீவுக்குக் கெஞ்சி, டிக்கெட் போட்டு, ஏர்போர்ட்டுக்கு ஓடினேன். பிளேன் ஏறிட்டேன்னு அவனுக்குச் சொல்லிட்டுத்தான் ஏறினேன். நான் போய் இறங்குறதுக்குள்ள அடக்கம் பண்ணிட்டான். உம்மா முகத்தைப் பார்க்கலை. ஒரு பிடி மண்ணு அள்ளிப் போடலை. உம்மாவைத் தூக்கிட்டுப் போன சந்தூக்குப் பெட்டி காலியா பள்ளிவாசல் சுவத்துல சாஞ்சு நின்னுச்சு. அதைத்தான் பார்த்தேன்."

"ஏன் காத்திருக்கலையாம்?"

"அவன்கிட்ட நான் ஏன் கேக்கணும்? ஊர்க்காரங்க சொன்னாங்க. வெயிலாம். காத்துல கம்பம் சாஞ்சு கரண்ட் இல்லையாம், ஐஸ் பெட்டி ஓடலையாம். சாக்கு! வந்துக்கிட்டே இருக்கேன் டீச்சர். ஒரு பகல். ஒரே ஒரு பகல் காத்திருக்கக் கூடாதா?"

டீச்சர் தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினார்.

"இப்ப இங்கேதான் இருக்கான். வேலை தேடி விசிட் விசாவுல வந்தான். கிடைக்கலை. நாளைக்கு ராத்திரி ஊருக்குத் திரும்புறான். எத்தனையோ தடவை என் ரூம் கதவைத் தட்டிப் பார்த்தான்."

"நீங்க இல்லையா?"

"உள்ளேதான் இருந்தேன்," என்றார் பாய், ஜெயித்தவர் மாதிரி. "போகட்டும். நாளையோட அறுந்தது. இனி எனக்குத் தம்பி கிடையாது. இதோ, இன்னும் மெசேஜ் அனுப்புறான் பாருங்க, ரோசங்கெட்டவன்."

போனை டீச்சர் முகத்துக்கு நேரே நீட்டினார். டீச்சர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில மலைக்கு வாங்க பாய்."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"பால் வாங்கிட்டு வாங்க. மேலே போய் டீ போடணும். அடுப்பு நான் கொண்டாறேன்."

"பாலா?"

"பால் இல்லாத டீயை நான் குடிக்கிறதில்லை."

*

அந்த மலைக்கு நம்ம ஆட்கள் வைத்த பேர் மொட்டை மலை. பேருக்கு ஒரு செடி கிடையாது. கருத்த கல், செங்கல் நிறத்துக் கல், காலை வைத்தால் உருளுகிற கல். பாதை ஏணியைச் சுவரில் சாத்தின மாதிரி நிற்கும். திரும்பிப் பார்த்தால் மேம்பாலம், தண்ணீர் லாரி, மாடி மாடியாய் ஏசிப் பெட்டிகள். நகரத்தில் ஹாரன் அடித்தால் மலையில் கேட்கும். அவ்வளவு பக்கம்.

அன்றைக்கு மற்றவர்கள் யாரும் வரவில்லை. டீச்சர் முன்னே, பாய் பின்னே.

பாய் ஏறின மாதிரியா ஏறினார்? கல்லோடு சண்டை போட்டார். வழுக்கின கல்லைத் திட்டினார். வழுக்காத கல்லையும் திட்டினார்.

"பதில் சொல்லலையே டீச்சர்!"

"பேசிக்கிட்டே ஏறாதீங்க. பால் குலுங்குது."

இன்னும் கொஞ்சம் ஏறினார்கள்.

"ஒரு ஆமாவோ இல்லையோ சொன்னாக் குறைஞ்சா போயிருவீங்க?"

"அந்தக் கல்லைப் பிடிக்காதீங்க. ஆடுது."

பாய் அதைத்தான் பிடித்தார். கல் கையோடு வந்தது. முட்டியில் சிராய்ப்பு.

உச்சியில் தட்டையாக ஒரு பாறை. சாய்ந்த பாறை ஒன்று பக்கத்தில், அதன் நிழல் ஒரு தலைக்குத்தான் காணும். சூரியன் நன்றாக ஏறிவிட்டது. டீச்சர் சின்ன கேஸ் அடுப்பை எடுத்து வைத்தார். சட்டியை வைத்தார். டீத்தூள் பொட்டலத்தை வைத்தார். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"பத்த வைக்கலையா?"

"கேஸ் கொஞ்சம்தான் இருக்கு பாய். ஒரு கொதிக்குத்தான் வரும். இன்னொருத்தரும் வரட்டும்."

"யாரு?"

டீச்சர் தாடையால் கீழே காட்டினார்.

பாதையின் அடியில் ஒரு வெள்ளைச் சட்டை ஊர்ந்துகொண்டிருந்தது. இடது காலைக் கொஞ்சம் வெளியே போட்டு நடக்கிற நடை. அந்தக் காலுக்குக் கைபிடித்து நடை பழக்கியவரே மீராசா பாய்தான். எவ்வளவு தூரத்தில் வந்தாலும் அவருக்குத் தெரியும்.

பாய் குதித்து எழுந்தார்.

"யாரைக் கேட்டுக் கூப்பிட்டீங்க?"

"நம்பரை நீங்கதானே காட்டினீங்க."

"உங்களை டீச்சர்னு மதிச்சு வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்! நான் இறங்குறேன்."

"இறங்குங்க."

பாய் பையைத் தூக்கித் தோளில் போட்டார். பாதை முனை வரை போனார். அங்கேயே நின்றார்.

இறங்க ஒரே பாதை. அதில்தான் அவன் ஏறி வந்துகொண்டிருந்தான்.

திரும்பி வந்து, டீச்சருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

வெள்ளைச் சட்டை ஒரு இடத்தில் பாதையை விட்டு ஒதுங்கியது.

"மடையன்," என்றார் பாய். "அது ஆட்டுத்தடம். மேலே வராது."

கூப்பிடுவதற்காகக் கை வாய்ப்பக்கம் போனது. பாதியில் இறங்கிவிட்டது.

வெள்ளைச் சட்டை அந்தத் தடத்திலேயே வெகுதூரம் போய், செங்குத்துப் பாறையில் முட்டி, வந்த வழியே திரும்பியது. பாய் பார்த்துக்கொண்டே இருந்தார். கூப்பிடவில்லை.

வெயில் கூடியது. பாறை சுட்டது. நிழல் சுருங்கி ஒரு முழத் துணி அளவுக்கு வந்தது. பாய் பைக்குள் கையை விட்டார். பால் பாக்கெட் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருந்தது.

"டீச்சர், பால் சுடுது."

"ம்."

"இன்னும் இப்படியே இருந்தாத் திரிஞ்சு போகும்."

"அவர் வரட்டுமே."

"அவன் எப்ப வந்து சேர?"

"வந்துக்கிட்டுத்தானே இருக்காரு."

"அதுக்காக? நல்ல பாலு டீச்சர் இது! சுமந்துட்டு வந்தவன் நான். வீணாப் போறதைப் பார்த்துட்டு உக்காந்திருக்க என்னால ஆகாது."

அடுப்பைத் தன் பக்கம் இழுத்தார். பற்ற வைத்தார். டீச்சர் தடுக்கவில்லை.

பாலை ஊற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு சட்டிக்குள்ளேயே பார்த்தார். பால் திரியவில்லை. பொங்கியது. தூளைப் போட்டார். அடுப்பு ஒரு இருமல் இருமி அணைந்தது.

"பார்த்தீங்களா? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தாப் போயிருக்கும்."

டீச்சருக்கு ஒரு டம்ளர். தனக்கு ஒரு டம்ளர். சர்க்கரை இல்லாமல்.

"நல்லா இருக்கு பாய்," என்றார் டீச்சர்.

சட்டியில் இன்னும் ஒரு டம்ளருக்கு இருந்தது. பாய் எட்டிக் கீழே பார்த்தார். வெள்ளைச் சட்டை பக்கத்தில் வந்துவிட்டது. கல் உருளுகிற சத்தம் கேட்டது.

வயிற்றுக்கு வேண்டியிருக்கவில்லை. அதையும் குடித்தார்.

*

தஸ்தகீர் மேலே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. செருப்போடு ஏறியிருக்கிறான். ஒன்று காலில், வார் அறுந்த இன்னொன்று கையில். மூச்சு வாங்க நின்று எல்லாவற்றையும் பார்த்தான். அணைந்த அடுப்பு. ரெண்டு டம்ளர். சட்டியின் அடியில் டீத்தூள்.

"டீ போடுறோம், வாங்கன்னு டீச்சர் போன்ல சொன்னாங்க."

டீச்சர் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

"காக்கா."

அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பாய் நகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேலே நின்னு பார்த்துட்டுத்தானே இருந்தீங்க காக்கா? வழி தப்பிப் போனப்பவும் பார்த்தீங்க. கையைத் தூக்கினீங்க, எனக்குத் தெரிஞ்சுது." அவன் குரல் ஏறியது. "நாய் மாதிரி நாலு காலில ஏறி வந்தேன். ஒரு வாய் டீக்கு வரலை நான். உங்க பக்கத்துல உக்காந்து குடிக்கலாம்னு வந்தேன். வந்துக்கிட்டுத்தானே இருந்தேன்? கொஞ்சம் காத்திருக்கக் கூடாதா?"

பாய் எழுந்த வேகத்தில் டம்ளர் உருண்டு பள்ளத்தில் விழுந்தது.

"யாரு யாரைப் பார்த்துடா கேக்குறது? நீ கேக்குறியா? நீ என்னைக் கேக்குறியா?"

"கேப்பேன்!"

"டேய், அடிக்கிற வெயிலைப் பார்த்தியா? ஒதுக்கி வைக்க ஒரு நிழல் இருக்கா இங்கே? நீ வர்ற வரைக்கும் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்றியா? எப்படிடா முடியும்? என் கண்ணு முன்னாடியே கெட்டுப்..."

வாய் திறந்தபடி நின்றது.

கீழே யாரோ ஹாரன் அடித்தார்கள்.

டீச்சர் சட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, டீத்தூளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

மீராசா பாய் தம்பியின் முகத்தைப் பார்த்தார். உம்மாவின் மூக்கு. அந்த முகத்தை இத்தனை நாளும் அவர் பார்க்கவில்லை.

"தஸ்தகீரு," என்றார். "உம்மாவும்..."

தஸ்தகீர் கையிலிருந்த அறுந்த செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஆமா காக்கா."